கையெழுத்து இரண்டு, ஓடிபி ஒன்று: இளைஞர் குழு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இளைஞர் குழுக்கள், மாணவர் மன்றங்கள், இளையோர் விளையாட்டுக் குழுக்கள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் குழுவின் விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். ‘வங்கிக் கணக்கை இருவர் கூட்டாக இயக்குவர்’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். அடுத்து, பொருளாளரின் கைப்பேசியில் வங்கிச் செயலியைத் திறந்து, மிகச் சிறிய தொகை ஒன்றை அவர் ஒருவராகவே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். போய்விட்டதா? அப்படியானால் அந்த வரி தாளில் மட்டும்தான் இருக்கிறது, வங்கியில் இல்லை.

இளைஞர் குழுக்களின் ஆண்டுக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறோம். கணக்கில் உதைப்பது பெரும்பாலும் களவினால் அல்ல. கணக்கைத் திறந்த அன்று அவசரத்தில் போட்ட ஒரு டிக், மாற்றாமல் விட்ட ஒரு கைப்பேசி எண், ஊர் மாறிப்போன ஒரு கையெழுத்துக்காரர் என்று சின்னச் சின்ன விஷயங்கள்தான் மூன்றாம் ஆண்டில் முடிச்சாகி நிற்கின்றன. இதை எழுதுவது அவற்றை முதல் நாளிலேயே சரிசெய்துகொள்ளச் சொல்வதற்காக.

இன்னும் குழுவுக்கென்று தனிக் கணக்கே இல்லாமல், பொருளாளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பொருளாளர் நல்லவர் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அவர் பெயரில் இருக்கும் பணம் சட்டத்தின் கண்ணுக்கு அவருடைய பணமாகத்தான் தெரியும். அவர் இறந்தால் அது வாரிசுகளிடம் போகும். கடன் பாக்கி என்று அவர் கணக்கை முடக்கினால் பிள்ளைகளின் முகாம் கட்டணமும் சேர்ந்து முடங்கும். வரி அலுவலகம் கேட்டால், வந்த வரவெல்லாம் தன் வருமானம் அல்ல என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். நிதி கொடுக்கும் அமைப்புகள் பலவும் தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்புவதில்லை. ஆக, தனிக் கணக்கு முதலில் காப்பாற்றுவது பொருளாளரைத்தான்.

கணக்கு திறக்கப் போகுமுன் முடிவு செய்ய வேண்டியது பெயர். அற்பமாகத் தோன்றும், ஆனால் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விதிமுறைகளில் ‘இளைஞர் மன்றம்’, தீர்மானத்தில் ‘இளைஞர் நற்பணி மன்றம்’, ரப்பர் ஸ்டாம்ப்பில் ஆங்கிலச் சுருக்கம் என்று மூன்று பெயர் இருந்தால், வங்கிக்கு அவை மூன்று அமைப்புகள். ஓர் எழுத்து வித்தியாசம்கூட இல்லாமல் எல்லாத் தாளிலும் ஒரே பெயரை வையுங்கள். வேறு எழுத்திலும் எழுத வேண்டியிருந்தால் அந்த எழுத்துக்கூட்டலையும் விதிமுறைகளிலேயே போட்டுவிடுங்கள். நன்கொடையாளர்கள் காசோலையில் எழுதுவது நீங்கள் பதிவு செய்த பெயரை அல்ல, அவர்கள் வாயில் வழங்கும் பெயரை. அந்த வழக்குப் பெயரிலும் காசோலை ஏற்கப்படுமா என்று திறக்கும்போதே கேட்டுவிட்டால் பின்னால் திரும்பி வரும் காசோலைகள் குறையும்.

விதிமுறைகள் நீளமாக இருக்க வேண்டியதில்லை; இரண்டு பக்கம் போதும். வங்கி அதிகாரி அதில் தேடுவது சில விஷயங்களைத்தான். அமைப்பின் பெயர், நோக்கம், யார் உறுப்பினர், நிர்வாகிகளை யார் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், வங்கிக் கணக்கு திறக்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை பேர் கையெழுத்து, வரும் பணம் உறுப்பினர்களுக்குள் பங்கிடப்படாது என்ற உறுதி, குழு கலைந்தால் மீதிப் பணம் எங்கே போகும். கடைசி இரண்டையும் பலர் எழுதுவதில்லை. லாப நோக்கற்ற அமைப்பு என்று காட்டுவது அந்த இரண்டு வரிகள்தான்.

பிறகு தீர்மானம். ‘வங்கிக் கணக்கு திறக்க முடிவு செய்யப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அதை வைத்து வங்கி கணக்கைத் திறந்தும் கொடுக்கலாம். ஆனால் எப்படி இயக்குவது என்பதை வங்கியின் படிவம்தான் தீர்மானிக்கும், உங்கள் கூட்டம் அல்ல. கீழே உள்ளதுபோல் விரித்து எழுதுங்கள்:

‘இந்தக் குழுவின் பெயரில் கணக்கு ஒன்று திறக்கவும், கீழ்க்கண்ட நால்வரில் எவரேனும் இருவர் கூட்டாக அதை இயக்கவும் தீர்மானிக்கப்பட்டது. காசோலை, இணையவழிப் பரிமாற்றம், கைப்பேசிச் செயலி, நிலையான கட்டளை (குறித்த நாளில் தானாகப் பணம் போகும் ஏற்பாடு) ஆகிய எல்லா வழிகளுக்கும் இந்த இருவர் ஒப்புதல் பொருந்தும். இக்கணக்குக்கு டெபிட் கார்டு வேண்டியதில்லை. கடனோ மிகைப்பற்றோ (இருப்புக்கு மேல் எடுப்பது, ஓவர்டிராஃப்ட்) பெறும் அதிகாரம் யாருக்கும் வழங்கப்படவில்லை. தணிக்கை உறுப்பினருக்குப் பார்வையிடும் உரிமை மட்டும் தரப்பட வேண்டும். இதே பொருளில் முன்பு நிறைவேற்றிய தீர்மானங்கள் இத்துடன் ரத்தாகின்றன.’

இதில் ‘எல்லா வழிகளுக்கும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தேதி, வந்திருந்தவர்களின் எண்ணிக்கை, கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) நிறைந்ததா என்பது, நால்வரின் முழுப் பெயர், பதவி, மாதிரிக் கையெழுத்து எல்லாம் அதே தாளில் வரட்டும். நகலுக்குச் சான்றொப்பம் இடுபவர்களில் ஒருவராவது கையெழுத்து அதிகாரம் பெறாதவராக இருப்பது நல்லது. தனக்குத் தானே அதிகாரம் கொடுத்துக்கொண்டதாகப் பின்னால் யாரும் பேச இடம் வேண்டாமே.

கையெழுத்துக்காரர்கள் எத்தனை பேர்? எங்கள் கருத்து, மூன்று அல்லது நான்கு பேர், அவர்களில் எவரேனும் இருவர். சரியாக இருவரை மட்டும் வைத்தால் ஒருவர் மருத்துவமனையில் படுத்த அன்று கணக்கும் படுத்துவிடும். ஆறு பேரை வைத்தால் ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் ஆறு பேரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் என்று அலைய வேண்டும். ஒருவர் தாள் வராவிட்டாலும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும், ஒரே வீட்டில் வசிக்கும் இருவரும் ஒரே காசோலையில் கையெழுத்திடக் கூடாது என்று விதி வையுங்கள். இரண்டு கையெழுத்தின் பயனே இரண்டு தனித்தனிக் கண்கள் பார்ப்பதில்தான் இருக்கிறது. இன்னொன்று: கையெழுத்துக்காரர்கள் அத்தனை பேரும் பிள்ளைகளோடு முகாமுக்குக் கிளம்பிவிட்டால், பேருந்துக்காரருக்கு மீதிப் பணம் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். ஒருவராவது, முடிந்தால் இருவர், பின்தங்கட்டும்.

பதிவு பெறாத குழுக்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நாடுகளின் சட்டத்தில் அத்தகைய குழுவுக்குத் தனி ஆள் என்ற தகுதி கிடையாது. கணக்கின் மேல் குழுவின் பெயர் இருந்தாலும், இருப்பு மைனஸில் போனால் வங்கி தேடி வருவது கையெழுத்திட்டவர்களைத்தான். அதுவும் தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து அல்ல, யாரிடம் கிடைக்கிறதோ அவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். மிகைப்பற்று வசதி வேண்டாம் என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னது அதற்காகத்தான்.

18 வயது நிரம்பாதவர்கள் கையெழுத்துக்காரர்களாக முடியுமா என்று இளைஞர்களே கேட்பதுண்டு. பெரும்பாலான நாடுகளில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் செய்யும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. அதனால் வங்கிகள் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை. அதற்காக அவர்களைக் கணக்கிலிருந்தே ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. ரொக்க ஏடு எழுதுவது, ரசீது போடுவது, வசூலை எண்ணும் இருவரில் ஒருவராக இருப்பது, மாத அறிக்கையைக் கூட்டத்தில் வாசிப்பது எல்லாவற்றையும் 15 வயதுக்காரரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். பெரியவர்களைவிட ஒழுங்காகவே எழுதுகிறார்கள் என்பது எங்கள் அனுபவம்.

வங்கி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறது என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அதற்குப் பின்னால் ஓர் உலகளாவிய ஏற்பாடு இருக்கிறது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க ஜி7 நாடுகள் 1989ல் பாரிஸில் ஒரு நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை அமைத்தன. அதன் 40 பரிந்துரைகளைத் தழுவித்தான் நாடுகள் தம் வங்கிச் சட்டங்களை எழுதுகின்றன. பத்தாவது பரிந்துரை, வாடிக்கையாளர் யார், அவருக்குப் பின்னால் உண்மையில் இருப்பவர் யார் என்று வங்கி அறிய வேண்டும் என்கிறது. எட்டாவது பரிந்துரை லாப நோக்கற்ற அமைப்புகளைப் பற்றியது. எல்லா அமைப்புகளையும் ஒரே கண்ணால் பார்க்காமல், அபாயத்துக்கு ஏற்ற அளவில் மட்டும் நடவடிக்கை எடுங்கள் என்று 2023ல் அதைத் திருத்தினார்கள். சின்னக் குழுதானே என்று சலுகை எதிர்பார்க்கவும் வேண்டாம், சந்தேகப்படுகிறார்கள் என்று கோபப்படவும் வேண்டாம். கேட்ட தாளை ஒரே தவணையில் கொடுங்கள். பாதி இன்று, பாதி அடுத்த வாரம் என்று கொடுத்தால் கோப்பு ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குப் போகும்.

படிவத்தில் ‘ஆண்டில் எதிர்பார்க்கும் வரவு’ என்று ஒரு கட்டம் வரும். அடக்கத்தால் குறைத்து எழுதாதீர்கள். மாதாமாதம் சந்தா மட்டும் வரும் கணக்கில், முகாமுக்கு முந்தைய வாரத்தில் 60 பெற்றோர் ஒரே நேரத்தில் பணம் அனுப்புவார்கள். நீங்கள் சொன்ன அளவுக்கும் வந்த அளவுக்கும் பொருந்தவில்லை என்றால் வங்கியின் கணினி கொடி தூக்கும். விளக்கம் கொடுக்கும் வரை கணக்கு நிற்கக்கூடும், முகாமுக்கு நான்கு நாள் இருக்கும்போது. ‘ஆண்டுக்கு இருமுறை, முகாம் கட்டணம், பலரிடமிருந்து சிறு தொகைகளாக’ என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டிலிருந்து நன்கொடை வரும் என்றால் தனி அனுமதி தேவையா என்று பணம் வருமுன் கேளுங்கள். பல நாடுகளில் அதற்கென்று தனிச் சட்டமே உண்டு.

எந்த வங்கி என்பதில் பெரிய இரகசியம் இல்லை. மாதக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு, ரொக்கம் செலுத்தக் கட்டணம் உண்டா, பார்வை மட்டும் உள்ள நுழைவு தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இணையத்தில் ஒருவர் பதிந்து மற்றவர் ஒப்புதல் தரும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கிக்காரர்கள் இதை ‘மேக்கர், செக்கர்’ என்பார்கள். சிறு அமைப்புகளுக்கான கணக்கு வகையில் இது இல்லாமலும், அடுத்த படியில் உள்ள வகையில் இருப்பதாகவும் அமைத்திருப்பார்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் இருப்பதையே எடுங்கள். தாய் அமைப்பு ஒன்றின் கீழ் இயங்கும் குழு என்றால், அவர்களுடைய கணக்கின் கிளைக் கணக்காக நடத்துவதும் ஒரு வழி. தாள் வேலை குறையும், ஆனால் அவர்கள் கணக்கு முடங்கினால் உங்களுடையதும் முடங்கும்.

இனி அந்த இரண்டு கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். கையெழுத்து விதி காசோலைக் காலத்தில் உருவானது. காசோலையில் ஒரு கையெழுத்து குறைந்தால் வங்கி திருப்பி அனுப்பியது. விதியைக் காவல் காத்தது வங்கிதான். இன்று பணம் போகும் வழிகள் பல, ஒவ்வொன்றிலும் காவல் வேறு. டெபிட் கார்டுக்கு ரகசிய எண் (PIN) ஒன்றுதான். செயலிக்குக் கைரேகை ஒன்றுதான். பரிமாற்றத்துக்கு வரும் ஓடிபி, பதிவாகியிருக்கும் ஒரே ஒரு கைப்பேசிக்குத்தான். ஆக, காசோலைக்கு இருவர், மற்ற எல்லாவற்றுக்கும் ஒருவர் என்றுதான் நடக்கிறது.

இருவர் முறை வங்கியில் இருந்தும் அதை நீங்களே உடைக்கும் வழிகளும் உண்டு. வசதிக்காக இரண்டாமவர் தன் கடவுச்சொல்லைப் பொருளாளரிடம் கொடுத்துவைப்பது ஒன்று. ‘ஓடிபி வந்திருக்கும், அனுப்பி விடுங்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்திக்கு எதற்கென்று கேட்காமல் ஆறு இலக்கத்தை அனுப்புவது இன்னொன்று. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைப்பது மிகப் பழைய வழி, இன்னும் சாகவில்லை. ஒரு முகாமுக்காகக் கையெழுத்திட்டுக் கொடுத்த ஐந்து காசோலைகளில் இரண்டு மிஞ்சினால் அவை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள்; பதில் வர நேரமாகும்.

என்ன செய்யலாம்? முதன்மைக் கணக்குக்குக் கார்டே வேண்டாம். கார்டு இல்லாமல் முடியவே முடியாது என்றால் இரண்டாவதாக ஒரு சிறு கணக்கு திறந்து, கார்டை அதோடு இணையுங்கள். அதில் ஒரு மாதச் சில்லறைச் செலவுக்கு மேல் இருக்கவே கூடாது. தீர்ந்தால் முதன்மைக் கணக்கிலிருந்து இருவர் ஒப்புதலோடு நிரப்புங்கள். கார்டு தொலைந்தாலும் தவறாகப் பயன்பட்டாலும் போவது அந்த மாதக் காசு மட்டும். ஒரு நாளில் அனுப்பக்கூடிய உச்சவரம்பையும் குறைத்து வையுங்கள். பெரிய செலவு வரும் வாரத்தில் மட்டும் தற்காலிகமாக உயர்த்திக்கொள்ளலாம்.

கைப்பேசி எண் யாருடையது என்பது இன்னொரு புண். சொந்த எண்ணைப் பதிவு செய்தால், அவர் பதவி விட்டாலும் ஓடிபி அவரிடமே போய்க்கொண்டிருக்கும். எண்ணை விட்டுவிட்டால் தொலைபேசி நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் ஓடிபி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். ஒவ்வொரு கையெழுத்துக்காரரும் தனி நுழைவும் தன் சொந்த எண்ணும் வைத்து, பதவி விடும் அன்றே அந்த நுழைவை ரத்துசெய்வதுதான் சரி. அதற்கு வழியே இல்லாத வங்கி என்றால் மட்டும் குழுவுக்கென்று ஒரு சிம் வாங்குங்கள். வங்கிக் கடிதங்கள் வரும் மின்னஞ்சலும் பதவியின் பெயரில் இருக்க வேண்டும், ஆளின் பெயரில் அல்ல.

இரண்டாவதாக ஒப்புதல் அழுத்துபவருக்கும் வேலை இருக்கிறது. பில்லைப் பார்க்க வேண்டும். தொகை பொருந்துகிறதா, இதே பில்லுக்கு முன்பே பணம் போயிருக்கிறதா, பெறுபவரின் கணக்கு எண் பில்லில் உள்ளதுதானா என்று பார்க்க வேண்டும். பல வங்கி முறைகளில் பணம் போய்ச் சேர்வது எண்ணை வைத்துத்தான். அவற்றில் நீங்கள் தட்டிய பெயரை யாரும் ஒப்பிடுவதில்லை. எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடக்கூடும், திரும்பி வருவது அவர் மனசைப் பொறுத்தது. புதிய ஆளுக்கு முதல் முறை அனுப்பும்போது சிறு தொகை அனுப்பி, வந்துவிட்டதா என்று போனில் கேட்டு, பிறகு மீதியை அனுப்புங்கள்.

‘எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்’ என்று கூடாரம் வாடகைக்கு விடுபவரின் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். உங்களிடம் பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். தலைவர் பெயரில் ‘கூட்டத்தில் இருக்கிறேன், உடனே அனுப்பு’ என்று வரும் செய்திக்கும் இதே மருந்து. இன்னொரு தந்திரம், தெரியாத ஒருவர் அதிகமாகப் பணம் போட்டுவிட்டு, ‘தவறிவிட்டது, மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்பது. வந்த பணம் திருட்டுப் பணமாகவோ திரும்பப்போகும் காசோலையாகவோ இருக்கும். நீங்கள் அனுப்பியதோ அசல் பணம். எதைத் திருப்புவதானாலும் வங்கி வழியாக, வந்த கணக்குக்கே திருப்புங்கள். பெற்றோருக்குத் தரும் கட்டணத் திருப்பமும் அப்படித்தான், வந்த வழியே.

வரவுப் பக்கம் தொல்லை வேறு வகை. ரொக்க வசூலை அங்கேயே, அப்போதே, இருவர் எண்ணி, எந்தத் தாளில் எத்தனை, நாணயம் எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வசூலான பணத்திலிருந்து செலவு செய்துவிட்டு மீதியை வங்கியில் போடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். 8,400 வசூல், 2,150 செலவு, 6,250 வங்கியில் என்றால், வங்கிக்குத் தெரிவது 6,250 மட்டும். செலவுக்கு பில் இருந்தாலும், வசூல் 8,400தானா, 9,400ஆ என்று காட்ட எதுவும் இல்லை. முழுதாகக் கட்டி, செலவைத் தனியாக எடுங்கள். இரண்டு வேலை நாளுக்குள் கட்டிவிடுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் ரொக்கம் கைமாற்றாகப் போகாமல் இருப்பது அபூர்வம்.

இணையவழியில் வரும் பணத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்வீர்கள். அவர்கள் ‘கட்டணம்’ என்று எழுதுவார்கள். 40 பேர் ‘கட்டணம்’ என்று எழுதினால் யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று கண்டுபிடிக்க இரண்டு மாலை போகும். கணக்கு வைத்திருப்பது மாமாவாக இருக்கும், பிள்ளையின் பெயர் எங்கும் இருக்காது. உறுப்பினர் எண்ணும் நிகழ்ச்சி எண்ணும் சேர்ந்த ஒரு குறியீட்டை நீங்களே ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்: ‘07-114’ என்றால் ஏழாவது நிகழ்ச்சி, 114ஆம் உறுப்பினர். கியூஆர் கோடு ஒட்டினால் அது குழுக் கணக்கோடு இணைந்ததா என்று ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயரைப் பாருங்கள். கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியை வரவு வைக்கும் சேவை என்றால், முழுத் தொகையை வரவிலும் பிடித்ததைச் செலவிலும் எழுதுங்கள்.

முகாம் நிதி, சீருடை நிதி, நிதியுதவி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு திறக்க ஆசை வரும். வேண்டாம். ஒவ்வொரு கணக்கும் ஒரு தனிக் கையெழுத்துப் பட்டியல், ஒரு தனிக் கேஒய்சி (வாடிக்கையாளர் யார் என்று வங்கி செய்யும் அடையாளச் சரிபார்ப்பு). ஒரே கணக்கில் வைத்து, ரொக்க ஏட்டில் நிதிக்கு ஒரு பத்தி போட்டுப் பிரித்தால் போதும். பத்திகளின் கூட்டல் வங்கி இருப்போடு ஒத்துப்போக வேண்டும். முகாம் பத்தி மைனஸில் போயிருக்கிறது, வங்கியில் பணம் இருக்கிறது என்றால் சீருடைப் பணத்தில் முகாம் நடந்திருக்கிறது என்று பொருள்.

மாதம் ஒருமுறை, வங்கி ஸ்டேட்மென்டையும் ரொக்க ஏட்டையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் பிழையைத் தேட 12 மாதத் தாள்; மாதாமாதம் போட்டால் ஒரு பக்கம். ஓர் உதாரணம். ஸ்டேட்மென்டில் மாத இறுதி இருப்பு 48,260. கட்டியும் இன்னும் வரவாகாதது 3,500. அதைக் கூட்டினால் 51,760. கொடுத்தும் இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள் 6,200, 1,150. அவற்றைக் கழித்தால் 44,410. ஆனால் ரொக்க ஏடு 44,590 என்கிறது. 180 உதைக்கிறது. முதலில், 180 என்ற தொகையையே ஸ்டேட்மென்டில் தேடுங்கள். வங்கிக் கட்டணமாகப் பிடித்து, நீங்கள் எழுதாமல் விட்டதாக இருக்கலாம். இல்லையென்றால் பாதியைத் தேடுங்கள்: 90 செலவை வரவில் எழுதியிருந்தாலும் வித்தியாசம் 180தான். அதுவும் இல்லையென்றால் 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 1,460 வரவை 1,640 என்று எழுதினால் சரியாக 180 கூடும். இந்த மூன்றையும் பார்க்காமல் ‘இதர செலவு 180’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். சின்ன வித்தியாசத்துக்குள்ளே இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும்.

பட்டியலைப் பொருளாளர் போடலாம். சரிபார்ப்பவர் கையெழுத்து அதிகாரம் இல்லாத இன்னொருவராக இருக்க வேண்டும். அவர் ஸ்டேட்மென்டைத் தன் பார்வை நுழைவில் தானே இறக்கிக்கொள்ள வேண்டும். பொருளாளர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பில் எண்களை மாற்றுவது பத்து நிமிட வேலை. வராத காசோலைகளின் பட்டியலையும் அவர் கவனிக்கட்டும். ஒரே காசோலை மூன்று மாதமாகப் பட்டியலிலேயே இருந்தால் பெற்றவரை அழைத்துக் கேளுங்கள். காசோலைக்குக் காலாவதி உண்டு.

சில்லறைச் செலவுக்கு நிலையான ஒரு தொகை வையுங்கள். 2,000 என்று வைத்தால், பெட்டியில் உள்ள காசும் வவுச்சர்களும் சேர்ந்து எந்த நேரமும் 2,000 வர வேண்டும். வவுச்சர்களின் கூட்டுத்தொகைக்கு மட்டும் நிரப்புங்கள். ‘குறைந்துவிட்டது, ஆயிரம் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கும் முறையில் ஒருபோதும் கணக்கு பொருந்தாது.

கடைசியாக, பதவி மாறும் நாள். வரிசை முக்கியம்: புதியவர்களைச் சேர்த்து, அவர்கள் நுழைவு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே பழையவர்களை நீக்க வேண்டும். முதலில் நீக்கிவிட்டால், சேர்க்கும் படிவத்தில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் யாரும் இல்லாத நிலை வரலாம். அப்போது வங்கி மொத்த ஆவணங்களையும் மறுபடி கேட்கும். ‘அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார், அவசரம் இல்லை’ என்று தள்ளிப்போடும் குழுக்கள், அவர் வெளிநாடு போன பிறகு எங்களைக் கூப்பிடுகின்றன. தேர்தல் நடந்த அதே கூட்டத்தில் தீர்மானத்தை எழுதி, அந்த வாரமே வங்கிக்குக் கொடுங்கள். ஒப்படைப்புத் தாளில் மாற்ற நாளின் சரிகட்டும் பட்டியல், பயன்படாத காசோலைகளின் முதல் எண்ணும் கடைசி எண்ணும், ரசீதுப் புத்தக எண்கள், சில்லறைப் பெட்டித் தொகை, நிலையான கட்டளைகள், சிம், ரப்பர் ஸ்டாம்ப் ஆகியவற்றை எழுதி, கொடுத்தவரும் பெற்றவரும் கையெழுத்திடட்டும். பழைய கார்டை எல்லோர் முன்னிலையிலும் நறுக்கிவிடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒப்படைக்காதீர்கள். அது ஆளோடு போக வேண்டியது, புதியவருக்குப் புதிது.

கோடை விடுமுறையில் மட்டும் இயங்கும் குழுக்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வங்கி குறித்திருக்கும் காலம் வரை நீங்கள் எந்த நடவடிக்கையும் செய்யாவிட்டால் கணக்கைச் செயல்படாக் கணக்காக்கிவிடுவார்கள். மறுபடி உயிர்ப்பிக்கக் கையெழுத்துக்காரர்கள் அத்தனை பேரின் சான்றுகளும் வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை சிறு தொகை ஒன்றைக் கட்டியோ செலுத்தியோ வைத்தால் போதும். கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதமும் இதே சேதி. அது முன்னாள் பொருளாளரின் பழைய முகவரிக்குப் போய், பதில் வராததால் கணக்கு முடங்குவது வாடிக்கையாக நடக்கிறது. ஸ்டேட்மென்டை மாதாமாதம் இறக்கிச் சேமித்துவிடுங்கள். கணக்கை மூடியபின் இணைய நுழைவும் மூடிவிடும். பழைய பக்கங்களைக் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். மடலின் தொடக்கத்தில் சொன்ன சிறு தொகைச் சோதனையை எல்லோர் முன்னிலையிலும் செய்து, முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். வங்கியிலிருந்து இப்போது நடப்பில் உள்ள கையெழுத்துப் பட்டியலையும், பதிவாகியுள்ள கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து அதிகாரம் இல்லாத ஒருவருக்குப் பார்வை நுழைவு கேட்டு விண்ணப்பியுங்கள். ஆண்டுக் கணக்கோடு இந்த மூன்றின் நகலையும் சேர்த்து அனுப்பினால் எங்கள் வேலையும் உங்கள் காத்திருப்பும் குறையும்.

இப்படிக்கு,
இளைஞர் குழுக்களின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுப்போர்